மூலை வெட்டாத அட்டை

அத்தியாயம் பதினான்கு

துன்பம் என்பது தேவன் தம் பிள்ளைகளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் பொக்கிஷம். இரண்டு கைகளையும் நீட்டிப் புன்னகையோடு அதை வாங்கிக்கொள்கிறவனே விசுவாசி. சபையிலும் சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்திலும் மூப்பர் பதினாறு வருஷமாக இதைச் சொல்லிவந்தார்.

அந்தப் பதினாறு வருஷத்தில் அவர் பங்குக்கு வந்த பொக்கிஷம், ஒரு கடைவாய்ப் பல் வலி. அதற்கே அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளுக்குத் தூக்கம் போயிற்று.

சபையில் அவருக்குப் பட்டப்பெயர் 'திடன்'. யார் வீட்டில் என்ன நடந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "திடன் கொள்ளுங்க" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஜெபிப்பார். நோயாளிக்கென்று வந்த ஆப்பிளில் ஒன்றைக் கடித்துக்கொண்டே எழுந்து போவார். பிழைப்புக்கு அச்சகம்: கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி. நடுநடுவே தேவ ஊழியம்.

ஒன்பது நாளைக்கு முன்னால்தான் அவருடைய ஒரே மகள், இன்னும் பத்து வாரம் பாக்கி இருக்கும்போதே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். எடை ஒரு கிலோ நூறு கிராம். மாப்பிள்ளை கப்பலில் வேலை. சிக்னல் கிடைத்தால் போனில் அழுவார். கிடைக்காவிட்டால் கடலைப் பார்த்து அழுவார் போலிருக்கிறது. சென்ற வாரம் நாம் குழந்தையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி பக்கத்திலிருந்து எழுந்து வந்தபோது, டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "நாளைக்குத் தொண்டையில இருக்கிற குழாயை எடுத்துப் பார்க்கலாம்."

அந்த நாளை இன்றைக்கு வந்துவிட்டது.

காலை பத்து மணிக்குக் குழாயை எடுத்தார்கள். பத்தரைக்கு மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தைத்த வயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"எடுத்துட்டாங்கப்பா. மூக்குல சின்னதா காத்து மட்டும் வருது. மூச்சை அவளேதான் விடணும். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தாக்குப் பிடிச்சுட்டா..."

"பிடிச்சுடுவா. திடன்..." என்று ஆரம்பித்தார்.

"முடியலைன்னா மறுபடி குழாயைப் போடணுமாம். நுரையீரல் ஏற்கெனவே பலவீனம், ரெண்டாவது தடவை தாங்குமான்னு சொல்ல முடியாதாம்." அவள் கையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "இதை வச்சிருங்கப்பா. பெட்டி மேல ஒட்டியிருந்தேன். குழாய் எடுக்கிறப்ப எதுவும் இருக்கக் கூடாதுன்னு நர்ஸ் கழட்டிக் கொடுத்துட்டாங்க. பத்திரம்."

மூப்பர் வாங்கிக்கொண்டார். உறைக்குள் ஓர் அட்டை. அவர் அடித்ததுதான். அவருடைய கட்டைவிரல், பழக்கதோஷத்தில், உறைக்கு மேலாகவே இடது மேல் மூலையைத் தேடிப் போய்த் தொட்டது. குத்தியது.

அட்டை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தச் சபையில் வருஷத்தின் முதல் ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். தட்டில் உள்ளங்கை அகல அட்டைகள், கவிழ்த்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எது கைக்கு வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுக்கத் தேவன் உங்களுக்குத் தருகிற வாக்கு. அச்சடிப்பது, வெட்டுவது, நாலு மூலையையும் மெஷினில் கொடுத்து வளைப்பது, தட்டில் அடுக்குவது, தட்டை ஏந்தி நிற்பது, எல்லாம் பன்னிரண்டு வருஷமாக மூப்பரின் இலவச ஊழியம்.

இலவசம் என்பதால் இரண்டே இரண்டு சலுகைகளை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டிருந்தார். போதகர் கொடுக்கும் பட்டியலில் பாடு, கண்ணீர், சிலுவை, உபத்திரவம் என்று வரும் வசனங்களும் இருக்கும். அடிக்காமல் விட்டால் கேள்வி வரும், அதனால் அடித்துவிடுவார். அடித்தபின் பொறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, கீழ் டிராயரில் தள்ளிவிடுவார். வருஷம் பிறக்கும்போது யார் முகமும் சுருங்கக் கூடாது பாருங்கள். இது முதல் சலுகை.

இரண்டாவது, தன் வீட்டுக்கு வேண்டிய மூன்று அட்டைகளைத் தானே தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒரு மூலையை மட்டும் வளைக்காமல் கூராக விட்டுவிடுவார். தட்டுக்கு அடியில் ஏந்திய கையின் கட்டைவிரல் விளிம்பில் அந்தக் கூரைத் தேடிப் பிடித்து, மேலே தள்ளிவிடும். மகள் எடுப்பாள். மனைவி எடுப்பாள். கடைசியாக அவர் எடுப்பார். "தேவன் இந்த வருஷமும் எனக்கு இதே வசனத்தைக் கொடுத்திருக்கார்!" என்று மைக்கில் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும்.

மோசடி என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார். கடவுளுக்கு ஆயிரம் வேலை; கூடமாட ஓர் ஒத்தாசை என்றுதான் அவர் எண்ணம்.

ஆறு வருஷம் பிள்ளையில்லாதிருந்த மகளுக்கு இந்த வருஷம் அவர் தள்ளிக் கொடுத்தது, வீடு நிறையப் பிள்ளைகள் என்று வாக்குச் சொல்லும் வசனம். அதை எடுத்துப் படித்தபோது அவள் தட்டின் முன்னாலேயே மண்டியிட்டாள்.

*

பன்னிரண்டு மணிக்குச் சபைச் செயலாளர் போனில் வந்தார்.

"மூப்பரே, ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்கதான் மேடையேறி சாட்சி சொல்றீங்க. 'சோதனையில் ஜெயம்'னு தலைப்பு போட்டாச்சு. உங்க படம் ஒண்ணு அனுப்புங்க, சிரிச்ச மாதிரி."

"ஐயா, குழந்தை இன்னும் மூச்சே ஒழுங்கா..."

"அதான் மூப்பரே சோதனை!"

"ஜெயம் இன்னும் வரலையே."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே," என்றார் செயலாளர், வெள்ளைச் சட்டை சலவைக்குப் போயிருப்பதைச் சொல்கிற நிதானத்தோடு. "நோட்டீஸும் உங்க பிரஸ்லதான் அடிக்கணும். மேட்டர் அனுப்பியிருக்கேன், பார்த்துடுங்க."

மூப்பர் சட்டைப் பையிலிருந்து படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டி, வந்த செய்தியைப் பார்த்தார். 'புயலிலும் அசையாத விசுவாச வீரர்' என்று இருந்தது. விசுவாச வீரர் காலையிலிருந்து மூன்று தடவை நர்ஸிடம் 'பயமில்லையேம்மா?' என்று கேட்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தால், பக்கத்து நாற்காலியில் சபையைச் சேர்ந்த தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மடியில் ஒரு பிளாஸ்க்.

அவளைப் பார்த்ததும் மூப்பர் நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் இதே ஆஸ்பத்திரியில் கீழ் மாடியில் கிடந்தபோது, இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. 'அழறது அவிசுவாசம்மா' என்றுகூடச் சொன்னார். இப்போது அவள் முறை. திருப்பிச் சொல்லப் போகிறாள், வட்டியோடு சொல்லப் போகிறாள் என்று அவர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள்.

"டீ ஊத்தட்டா மூப்பரே? சக்கரை கம்மிதான்."

குடித்தார். இரண்டு நாளாக வயிற்றில் தங்கிய முதல் பொருள் அதுதான்.

அவள் கண் அவர் கையிலிருந்த உறைமேல் போனது. "பாப்பாவோட அம்மா அட்டையா? குடுங்க பார்ப்போம்." வாங்கி, துணியின் ஓரம் பார்க்கிற மாதிரி விளிம்போடு விரலை ஓட்டினாள். ஒரு மூலையில் விரல் நின்றது. "இது மட்டும் வெட்ட விட்டுப்போச்சா?"

"மெஷின்ல... விட்டுப்போயிருக்கும்."

"இருக்கும். என்னுதுக்கு நாலு மூலையும் மழமழன்னு இருக்கும்." அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் இறந்த வருஷம் எங்களுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? நீடிச்ச ஆயுசு தருவேன்னு. ஆறாம் மாசம் போயிட்டார். எனக்குத்தான் விசுவாசம் பத்தலைன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேனே. விசுவாசத்தைக் கூட்டுங்கன்னு சொன்னீங்க. கூட்டிப் பார்த்தேன்." குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் மூப்பருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சபையில ஒருத்தருக்காவது கஷ்டம்னு ஒரு அட்டை வந்திருந்தா, சரி, இதுவும் உள்ளதுதான்னு இருந்திருப்பேன். எல்லாருக்கும் நல்லதாவே வருது மூப்பரே. அப்ப கோளாறு என்கிட்டதானே?"

மூப்பருக்கு வாய் திறந்தது. பன்னிரண்டு வருஷத்து ரப்பர் பேண்டு கட்டுகள் எல்லாம் கண்முன் வந்தன. "கோளாறு உங்ககிட்ட இல்லைம்மா" என்று மட்டும் வெளியே வந்தது. எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

"தாத்தா யாரு? பத்து நிமிஷம் உள்ள வரலாம். அம்மா கொஞ்சம் படுக்கட்டும்."

*

கதவுக்கு உள்ளே ஒரு தொட்டி. வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுவரில் படம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருந்தது. மூப்பர் கண்ணாடியை மாட்டிப் படத்தைப் படித்தார். குனிந்தபோது கண்ணாடி வழுக்கியது. அதையும் கழற்றி வைத்தார். ஆறு படத்தையும் வரிசை பிசகாமல் செய்தார். வாழ்க்கையில் ஒரு கட்டளையை அவர் இவ்வளவு சிரத்தையாக நிறைவேற்றியது கிடையாது.

பெட்டிக்குள் பேத்தி படுத்திருந்தாள். தொப்பி ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் கை விடுகிற மாதிரி வட்ட ஓட்டை. மேலே ஒரு திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண்கள்.

ஜெபிக்கத்தானே வந்தோம் என்று கண்ணை மூடினார். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரும், சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவரும், மகிமையும் மகத்துவமும்..." அவருடைய ஜெபத்துக்கு வாசல்படியே இரண்டு நிமிஷம். படியேறி முடிப்பதற்குள் திரை 'பீப் பீப்' என்று கத்தியது.

கண்ணைத் திறந்தார். தொண்ணூற்றிரண்டு. எண்பத்திநாலு. எழுபத்தாறு.

"சிஸ்டர்! சிஸ்டர்!"

"மறந்துட்டா," என்றாள் நர்ஸ், அடுத்த பெட்டியில் ஊசியைப் பிடித்தபடியே. "குறைமாசப் பிள்ளைங்க அப்படித்தான். நடுவுல மூச்சு விட மறந்துடுவாங்க. உள்ளங்காலை லேசா தேய்ங்க."

"நானா?"

"நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. தேய்ங்க தாத்தா!"

கையை விட்டார். பாதம் அவர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. தட்டில் பன்னிரண்டு வருஷம் கூர் தேடிய அதே விரலால் தேய்த்தார். எழுபத்தொன்று. சிங்காசனமும் மகத்துவமும் எங்கே போயினவோ, ஒன்றையும் காணோம். "ஐயா... ஐயா, கொஞ்சம் பாருங்கய்யா... ஐயா..." என்றுதான் வந்தது. கரண்ட் ஆபீஸ் ஜன்னலில் நின்று கெஞ்சுகிற குரல். அதற்குக் கண்ணை மூடவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

குழந்தை ஒரு தரம் துள்ளியது. நெஞ்சு ஏறியது. எழுபத்தெட்டு. எண்பத்தாறு. தொண்ணூற்றி மூன்று.

"வந்துட்டா," என்றாள் நர்ஸ். "காலையிலேர்ந்து ஒன்பதாவது தடவை."

"இப்படியே எத்தனை தடவைம்மா?"

"அவளுக்கே ஞாபகம் வர்ற வரைக்கும். இல்லைன்னா டாக்டர் அஞ்சு மணிக்கு முடிவு பண்ணுவார்."

ஈரக் கையோடு வாட்சையும் மோதிரத்தையும் அள்ளிக்கொண்டு மூப்பர் வெளியே வந்தார். மகள் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்கட்டுமா? அவளுக்குன்னு அட்டையே இல்லப்பா."

"எவளுக்கு?"

"பாப்பாவுக்கு. வருஷ நடுவுல பிறக்கிற பிள்ளைங்களுக்கு நீங்கதானே மிச்ச தட்டுலேர்ந்து எடுத்துக் கொடுப்பீங்க? இப்ப போய் எடுத்துட்டு வாங்கப்பா. டாக்டர் வர்றதுக்குள்ள." அவள் கண் காய்ந்திருந்தது. "நான் ஒன்பது நாளா என் அட்டையைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன். அது நானா எடுத்தது இல்ல, தேவன் கொடுத்தது. அது இல்லைன்னா எப்பவோ விழுந்திருப்பேன். அவளுக்கும் ஒண்ணு வேணும். என்ன வந்தாலும் சரி. அவர் என்ன சொல்றார்னு எனக்குத் தெரியணும்."

'அது அவர் கொடுத்ததில்லைம்மா, நான் கொடுத்தது.' ஐந்தே சொல்தான். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பை உருவின மாதிரி. சொல்லாவிட்டால், அந்தக் கம்பு இவர் வெட்டி நட்டது.

"போயிட்டு வர்றேன்மா," என்றார்.

*

படிக்கட்டுத் திருப்பத்தில் மனைவி ரொட்டிப் பொட்டலத்தோடு ஏறி வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பிரஸ்ஸுக்கு. பாப்பாவுக்கு அட்டை கேட்கிறா."

அவள் நின்றாள். "எப்பவும் எடுக்கிற மாதிரிதானே எடுப்பீங்க?"

"ஆமா, தட்டுலேர்ந்து..."

"என்கிட்டயுமா பொய்?" என்றாள். "பன்னெண்டு வருஷமா உங்க சட்டைப் பையில ஒரே இடத்துல ஓட்டை விழுது. தைக்கிறது யாரு? ஊர்ல யார் அட்டையும் குத்தலை, நம்ம வீட்டு அட்டை மட்டும் குத்துது. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

மூப்பர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சும் ஏன் நீ..."

"என்னுதும் நல்ல வசனமா வந்துச்சே. எனக்கும் ஆசைதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு எப்படி எடுக்கப் போறீங்க?"

"தெரியலை."

"நல்லதா பொறுக்கிட்டு வந்தா அவளுக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு நான்தானே அவ பக்கத்துல உட்கார்ந்து ஆமென் சொல்லணும்?"

"பொறுக்காம எடுத்து, வேற மாதிரி எதாவது வந்துட்டா?"

அவள் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் கையில் திணித்துவிட்டு மேலே போனாள்.

*

இருபது நிமிஷத்தில் அச்சகம். முதலாளி வராததால் ஆட்கள் நேரத்தோடு போய்விட்டிருந்தார்கள். மெஷின்கள் போர்வை போர்த்தி நின்றன. அலமாரியிலிருந்து மிச்ச அட்டைத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் தேர்ந்தெடுத்த இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நல்லதுதான் வரும். பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

தையல்காரம்மாவின் விரல் அட்டை ஓரத்தில் நின்ற இடம் ஞாபகம் வந்தது.

மூப்பர் குனிந்து கீழ் டிராயரை இழுத்தார். பன்னிரண்டு கட்டு. பழைய ரப்பர் பேண்டுகள் தொட்டதுமே அறுந்தன. பாடு, கண்ணீர், கசப்பு, இருள், எல்லாவற்றையும் அள்ளித் தட்டில் கொட்டினார். இனிப்பும் கசப்புமாகக் குலுக்கினார். குலுக்கும்போதே கட்டைவிரல் தன்பாட்டுக்கு மூலை தேடியது. எல்லா மூலையும் மழுங்கல். பிடிமானமே இல்லை.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வலது கைக்குப் படிப்பு அதிகம். ஆகவே மரியாதை இல்லாவிட்டாலும் இடது கையை விட்டார். "ஐயா," என்றார். ஒன்றை உருவினார்.

போன் அடித்தது. மனைவி.

"டாக்டர் இப்பவே வந்துட்டார். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவை மூடிட்டாங்க."

"ஏன்? இன்னும் அஞ்சு ஆகலையே!"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சீக்கிரம் வாங்க. இருங்க, அவ பேசணுங்கிறா."

"அப்பா." மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன்மா."

"நீங்களா தேடி எடுக்கலையே?"

"இல்லைம்மா." பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை உண்மையாக இருந்தது. "சத்தியமா இல்லை."

"அப்ப வாசிங்கப்பா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அட்டையைத் திருப்பினார். விளக்குக்கு அடியில் பிடித்தார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுவந்தார். மூன்று வரி எறும்பு ஊர்ந்தது. எட்டுப் பாயின்ட் எழுத்து. அட்டை மிச்சமாகட்டும் என்று அவரே வைத்த அளவு.

"அப்பா? என்னப்பா வந்திருக்கு?"

மூப்பர் சட்டைப் பையைத் தடவினார். மேஜையைத் தடவினார். நெற்றியைத் தடவினார்.

கண்ணாடி ஆஸ்பத்திரியில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, சோப்புக்குப் பக்கத்தில் இருந்தது.